செபமாலை வளர்த்த மண்ணுல மயில்துத்தம் ஊத்தாதீங்க

மேடையில வீற்றிருக்கும் நினைவுக் கமிட்டித் தலைவர் முத்துராமன் அவர்களே, உரக்கடை அதிபர் ஆண்டிச்சாமி அவர்களே, அடிக்கல் நாட்டுறதுக்காக இந்த வெயில்ல ஜீப்புல வந்து எறங்கியிருக்கிற ஆபீசர் ஐயா அவர்களே, முன்வரிசையில தலைகுனிஞ்சு ஒக்காந்திருக்கிற எங்க சூசையம்மா, எதிர்ல கூடியிருக்கிற காரையாம்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லாத்துக்கும் மேல, படத்துல மாலைக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டிருக்கிற எங்கள் கிராம சேவக், மண்ணறிந்த மாமனிதர், திரு. செபமாலை அவர்களே! பிள்ளையாரப்பன மனசுல நெனச்சுக்கிட்டு, மாதர் சங்கத் தலைவி பிரகதாம்பாள் ஒங்க எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கிறேன்.

எனக்கு முன்னால ஆறு பேரு பேசுனாங்க. ஒருத்தரு தொண்டின் திலகம்னாரு. ஒருத்தரு தியாகச் சுடர்னாரு. இன்னொருத்தரு, பேரு சொல்ல மாட்டேன், செபமாலை சைக்கிள்ல எதிர்க்க வந்தா வேட்டிய மடிச்சுக்கிட்டுச் சந்துக்குள்ள பூந்துக்கிறவரு, அவரு "மலை சாய்ந்தது, மலை சாய்ந்தது"ன்னு மூணு தடவ சொல்லித் துண்ட வச்சுக் கண்ணத் தொடச்சாரு. சரி. சாவு வீடு, ஆளாளுக்கு ஒரு வார்த்தை. நான் கொற சொல்லல.

ஆனா நான் கேக்குறேன். ஆறு பேரு பேசுனீங்களே, அந்த மனுசன் இந்த ஊர்ல என்ன செஞ்சாருன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? "மண்ணை நேசித்தார்"னீங்க. எந்த மண்ண? எதுக்கு? அதுல என்ன இருக்குன்னு? சொன்னீங்களா? சொல்லல! ஏன்னா ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, கூட்டம் முடிஞ்ச கையோட மாதர் சங்கத்துக் கொல்லையில இருக்கிற சோளத் தொட்டிய ஒடைக்கணும்னு மூணு கடப்பாறையக் கொண்டாந்து செவத்துல சாத்தி வச்சிருப்பீங்களா?

என்ன முத்துராமா? அத இங்க பேசக் கூடாதா? இரங்கல் கூட்டத்துல எறந்தவரப் பத்தித்தானே பேசணும்? அவரப் பத்தித்தான் பேசுறேன். ஒக்காரு.

விசயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். செபமாலை நினைவுப் பூங்கான்னு ஒண்ணு வரப் போகுது. நல்லது. வரட்டும். ஆனா எப்பிடி வரப் போகுது? முத்துராமன் இப்பத்தான் மைக்குல வாசிச்சான். செபமாலை ஆறு வருசமா மண்ணு வளத்த தொட்டிய ஒடைக்கிறது. அந்த மண்ண வண்டிப் பாதைப் பள்ளத்துல கொட்டி மட்டம் பண்றது. அந்த எடத்துல சிமிட்டி மேடை. மேடையில நாப்பது பூந்தொட்டி. தொட்டிக்குக் கம்மாயிலேருந்து புது மண்ணு. அந்த மண்ணுல பூசணம் வராம இருக்க ஆண்டிச்சாமி கடையிலேருந்து இலவசமா மயில்துத்தம் கரைச்சு ஊத்துறது. கை தட்டுனீங்க. நல்லாத் தட்டுனீங்க. அந்தப் பூசணத்துக்காகத்தான் அவரு ஆறு வருசம் அலைஞ்சாரு! அவரு பேரால பூங்கா வச்சு, அவரு வளத்ததக் கொல்றதுக்கு மருந்தும் ஊத்தி, அதுக்கு ஒரு கல்லு வேற நாட்டுனா, அதுக்குப் பேரு அஞ்சலியா?

பூசணம்னதும் மொகத்தச் சுளிக்கிறீங்க. நானும் சுளிச்சவதான். அதனாலதான் நான் சொல்றத நீங்க கேக்கணும்.

அம்பத்தாறாம் வருசம் ஐப்பசியில அவரு இங்க வந்தாரு. ஊரு கட்டுமாவடி. அப்பாரு கடலுக்குப் போறவரு. இவரு ஒருத்தருதான் படிச்சு, டிரெயினிங் முடிச்சு, கிராம சேவக்குன்னு ஆர்டரு வாங்குனவரு. மொத நாளு டீக்கடையில ஒங்களுக்கெல்லாம் என்ன சிரிப்பு! "கடக்கரையில பொறந்தவன் வந்து நமக்கு வெவசாயம் சொல்லித் தர்றானாம், மீனுக்கு வேணா உரம் வைப்பான்"னு சொன்னது யாரு? ஆண்டிச்சாமி, தலையாட்டாதீங்க, நீங்கதான். அதுக்கு அவரு என்ன சொன்னாரு? "ஆமாண்ணே, எங்க ஊர்ல மீனு நாறுனா அது உரம். இங்க பேச்சே நாறுது, வெளைச்சலு அமோகமா இருக்கும் போலருக்கே"ன்னாரு. அன்னையிலேருந்து ரெண்டு பேருக்கும் ஆகாது.

குப்பைக்குழி வெட்டச் சொன்னாரு. கயிறு புடிச்சு நடவு நடச் சொன்னாரு. கெவருமென்டு சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னாரு. ஆனா மனசு எங்க இருந்துச்சுன்னா, ஒங்க வீட்டுத் தொட்டியில இருந்துச்சு. மண்ணெண்ணெ டின்னுல நட்ட குரோட்டன்ஸு, ஒடஞ்ச பானையில வச்ச மல்லிப் பதியன், முத்தத்துத் தொளசி, வாசல்ல ரோசாச் செடி. "வயக்காட்டுச் செடி வேரை நீட்டிப் போயித் தனக்கு வேணுங்கிறதத் தேடிக்கிரும் அத்தை. தொட்டிச் செடி ஜெயில்ல இருக்கு. ஜெயில்ல இருக்கறவனுக்குத்தான் வெளியிலேருந்து ஒரு தொணை வேணும்"பாரு. அந்தத் தொணைதான் பூசணம். இத அவரு ஒழுங்காச் சொல்லியிருந்தா நாங்க எல்லாம் அப்பவே கேட்டிருப்போம். ஒழுங்காச் சொல்லத் தெரியாது! பாதி சொல்லுவாரு, சைக்கிள் மணிய அடிச்சுக்கிட்டுப் போயிருவாரு. மறுநா வந்து, "நேத்து எங்க விட்டேன்?"பாரு. எத்தன நாளு எனக்குச் சோறு குழைஞ்சிருக்கு தெரியுமா, அவரு வாசல்ல நின்னு பேசுன பேச்சுல?

எங்க வீட்டு முத்தத்துல ஒரு தொளசி மாடம் இருக்கு. அத மூணு சுத்துச் சுத்தாம நான் பச்சத் தண்ணி வாயில வைக்கிறதில்ல. அம்பத்தேழாம் வருசம் சித்திரையில அந்தத் தொளசி பட்டுப்போச்சு. வெயிலு கடுமை, நானும் காய்ச்சல்ல படுத்திருந்தேன், தண்ணி பத்தல. அவ்வளவுதான் காரணம். ஆனா அவ்வளவுதான்னு நான் விட்டேனா? விடுவேனா?

இப்பச் சொல்லப் போறது எனக்கு அவமானம். சம்பந்தப்பட்டவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். தொளசி பட்டா வீட்டுல தீட்டுன்னு எனக்குச் சொல்லி வளத்திருக்காங்க. தீட்டு யாரால? எனக்கு அந்த வயசு தாண்டிருச்சு. வீட்டுல இன்னொரு பொம்பள, எங்க மருமக அழகி. "மூணு நாளு ஒதுங்காம மறைச்சுக்கிட்டுத் தொளசியத் தொட்டுட்டே"ன்னு கேட்டேன். "இல்ல அயித்தை, சாமி சத்தியமா இல்ல"ன்னா. நான் நம்பல. தீட்டுப் பட்ட மண்ணுன்னு, மாடத்து மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டி, பழைய வேரு ஒண்ணு விடாமப் பொறுக்கி எறிஞ்சு, சல்லடையில சலிச்சு, அண்டாவுல வெந்நி கொதிக்கக் கொதிக்க மஞ்சத்தூளப் போட்டு அது மேல ஊத்துனேன். ஆறுனதும் புதுத் தொளசி வச்சேன். அது விரக்கடை ஒசரத்துல நின்னு, எலை சுருண்டு, செவந்து, கருகிப்போச்சு. இன்னும் தீட்டுப் போகலன்னு மறுபடி வெந்நி. மறுபடி தொளசி. அதுவும் போச்சு. கழுவக் கழுவப் பட்டுச்சு, படப் படக் கழுவுனேன்!

மூணாவது பட்ட அன்னைக்கு, ஒரு டிரங்குப் பெட்டியக் கையில குடுத்து, அழகியப் பொன்னமராவதிக்கு அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டேன். எம் மகன் வாயத் தொறக்கல. இந்த ஊர்ல ஒருத்தரு வந்து, "ஏன் பிரகதாம்பா, ஒரு செடிக்காகவா ஒரு பொண்ண அனுப்புற?"ன்னு கேட்டீங்களா? கேட்டது ஒரே ஒருத்தரு. ஏசுவக் கும்பிடுற வேதக்காரரு. கட்டுமாவடிக்காரரு.

அவரும் ஒடனே அழகியப் பத்திக் கேக்கல. மொதல்ல மாடத்தத்தான் பாத்தாரு.

"அத்தை, இந்த மண்ண என்ன செஞ்சீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

"எப்பிடி?"

சொன்னேன். மனுசன் தலையில கைய வச்சுக்கிட்டு வாசப்படியிலயே ஒக்காந்துட்டாரு. "புள்ளையக் குளிப்பாட்டுறேன்னு கொதிக்கிற அண்டாவுக்குள்ள போட்ட கதையால்ல இருக்கு!"

"மண்ணுக்குள்ள என்னய்யா புள்ள இருக்கு?"

"பூசணம் இருக்கு அத்தை."

எனக்கு வந்துச்சே கோவம்! ஊறுகாச் சாடியில ஒரு பொட்டுப் பூத்தா சாடியோட தூக்கிக் குப்பையில போடுறவ நான். பெருமாளு குடியிருக்கிற எடத்துக்கடியில பூசணம் இருக்கணுமா? "தொளசியப் பத்தி ஒங்களுக்கு என்னய்யா தெரியும், எந்திரிச்சுப் போங்க"ன்னேன். போனாரா? போக மாட்டாரே! அதான் அவரு குணம். ஒக்காருங்கன்னா சைக்கிள எடுப்பாரு, போங்கன்னா ஒக்காந்துக்குவாரு.

"கோவிச்சுக்காதீங்க. எல்லாப் பூசணமும் ஊறுகாயில பூக்குற பூசணம் இல்ல. இது வேற சாதி. மயிரவிட மெலுசா நூலு நூலா இருக்கும். ஒரு முனை வேருக்குள்ள, இன்னொரு முனை மண்ணுக்குள்ள. வேரு நொழைய முடியாத இண்டு இடுக்குலயெல்லாம் இது நொழைஞ்சு, தண்ணியும் சத்தும் கொண்டாந்து வேருக்குக் குடுக்கும். செடி சும்மா வாங்கிக்காது. வெயில்ல எலை சமைக்குதுல்ல, அந்த இனிப்பக் கீழ எறக்கி இதுக்கு ஊட்டும்."

"சம்பந்தி வீட்டுச் சீரு மாதிரியா?"

"அதே அதே! ஆனா இவங்களுக்குள்ள சண்ட வராது."

"எங்க, எனக்குக் காட்டுங்க பாப்போம்."

"கண்ணுக்குத் தெரியாது அத்தை. டிரெயினிங்குல மைக்ராஸ்கோப்புல வச்சுக் காட்டுனாங்க, நான் பாத்தேன்."

"நான் பாக்காதத நான் நம்ப மாட்டேன்."

"தெனம் மூணு சுத்துச் சுத்துறீங்களே, பெருமாளப் பாத்துட்டா சுத்துறீங்க?"

நான் வெளக்கமாத்த எடுத்தேன். அப்பத்தான் எந்திரிச்சாரு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. சாவுக் கூட்டத்துல சிரிக்கிறது தப்பில்ல, அவரும் சிரிப்பாரு. ஆனா அடுத்ததக் கேளுங்க. மறுநா காலையில ரெண்டு தொட்டியச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. ரெண்டுலயும் நான் வெந்நி ஊத்துன மண்ண மாடத்துலேருந்து அள்ளிப் போட்டாரு. ஒரே தொளசிச் செடியிலேருந்து விழுந்த ஒரே வெதை. ஒரு வித்தியாசம்: ஒரு தொட்டியில மட்டும், வேரு படுற எடத்துல, அவரு கொண்டாந்த மண்ணு ஒரு பிடி. "ரெண்டுக்கும் ஒரே தண்ணி ஊத்துங்க அத்தை. கார்த்திகைக்கு வர்றேன். நான் சொன்னது பொய்யின்னா அந்த வெளக்கமாத்தாலயே அடிங்க"ன்னாரு.

ரெண்டுக்கும் ஒரே தண்ணியா ஊத்துனேன்? ஊத்தல! உண்மையச் சொல்றேன். அவரத் தோக்கடிக்கணும்னு, திருவரங்குளத்துக் கோயில் தீர்த்தத்தக் கொண்டாந்து, அவரு மண்ணு போடாத தொட்டிக்கு மட்டும் ஊத்துனேன். விபூதி போட்டேன். அது முன்னாடி ஒக்காந்து தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடுனேன். இன்னொன்னு செவத்தோரமா அநாதை மாதிரி கெடந்துச்சு, கெணத்துத் தண்ணியோட. கார்த்திகை வந்துச்சு. நான் பாட்டுப் பாடுனது ஒரு சாணுகூட வரல. செவத்தோரத்துல கெடந்தது முழங்கால் ஒசரம், கருகருன்னு, கதிரு வச்சு நிக்குது. தள்ளி நின்னாலே வாசம்.

அன்னைக்கு ராமாயணமே படிச்சுப் பாத்தேன், மனசு அடங்கல. தீர்த்தத்துக்குச் சக்தி இல்லையான்னு ஒரு பயம். அப்பறம் எனக்கே தெளிஞ்சுச்சு. சாமி மண்ணுக்குள்ள வச்சத நான் வெந்நி ஊத்திக் கொன்னுட்டு, அதையே சாமிகிட்டத் திருப்பிக் கேட்டா, சாமி என்ன செய்வாரு? அவரு ஒரு தடவ குடுத்துட்டாரு. காப்பாத்துறது நம்ம வேல.

செபமாலை வந்தாரு. ரெண்டு தொட்டியையும் பாத்தாரு. ஜெயிச்சோம்னு குதிப்பாருன்னு நெனச்சேன். குதிக்கல. மொகம் ரொம்பக் கடுசாப் போச்சு. "அத்தை, செடி கெடக்கட்டும். தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிட்டுப் போயி அஞ்சு மாசம் ஆகுது. மொத பஸ்ஸுக்குப் போயிக் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. மாமியா நான், போயி நிக்கணுமான்னேன். "ஒரு பூசணமே சம்பந்தி வீட்டுக்குச் சீரு செய்யுது, ஒங்களுக்கு என்ன?"ன்னாரு.

போனேன். அழகி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "திரும்பவும் தொளசி பட்டா, திரும்பவும் என்னய அனுப்புவீங்களா அயித்தை?" அவ கையப் புடிச்சு மாட்டேன்னு தலைய ஆட்டுனேன். இன்னைக்கு அந்தத் தொளசிக்குத் தண்ணி ஊத்துறது அவதான், மாசத்துல முப்பது நாளும்.

இதுதாங்க செபமாலை செஞ்ச தொண்டு. இத எந்தத் திலகத்துல சேப்பீங்க? எந்தச் சுடர்ல சேப்பீங்க?

அப்பறம்தான் மாதர் சங்கத்துக் கொல்லையில, மாடு தண்ணி குடிக்கிற பழைய தொட்டிய அவரு ஏன் கேட்டு வாங்குனாருன்னு எனக்கு வெளங்குச்சு. வந்த வருசமே வாங்கிட்டாரு. நல்லா வெளைஞ்சு நிக்கிற எடங்கள்லேருந்து, மண்ணு மொத்தமும் வேண்டாம், வேரும் வேரோட ஒட்டுன மண்ணுமா ஒரு பிடி ஒரு பிடியாச் சேத்தாரு. தொட்டியில போட்டுச் சோளம் வெதச்சாரு. சோளம் எதுக்கு? தின்னவா? இல்ல. சோளத்து வேருல இந்தப் பூசணம் நல்லாப் பெருகுமாம். கதிரு முத்துனதும் தண்ணிய நிறுத்திருவாரு. செடி காயக் காய, பூசணம் தன் வெதைய மண்ணுல விட்டு வச்சுக்கும். தட்டைய அறுத்துப் போட்டுட்டு, வேரை நறுக்கி மண்ணோட கலந்து, கேட்டவங்களுக்கு ஒரு பிடி குடுப்பாரு. மிச்சத்துல மறுபடி சோளம். ஆறு வருசம்! ஒங்களுக்குப் பாத்தா களை மண்டுன தொட்டி. எங்களுக்கு அது உறைமோருங்க. வீட்டுல உறைமோரு தீந்துபோனா பாலு இருந்தும் தயிரு இல்ல. பக்கத்து வீட்டுக்குப் போயி ஒரு கரண்டி வாங்குறோம்ல? இந்தச் சுத்துவட்டாரத்துக்கே அந்த ஒரு கரண்டி இருக்கிற எடம் அந்தத் தொட்டிதான்.

அவரு ஒண்ணும் மந்திரம்னு சொல்லல, அதையும் சொல்லிர்றேன். கீரைக்குப் போடவான்னு கேட்டா, "வேண்டாம், கீரையும் முள்ளங்கியும் ஒண்டிக்கட்டைங்க, யாரு தொணையும் சேத்துக்காது"ன்னுருவாரு. மல்லிக்கு ஆகும், ரோசாவுக்கு ஆகும், தொளசிக்கு ஆகும். குரோட்டன்ஸு வச்சிருந்த நம்ம பள்ளிக்கூடத்துல அவரு பேச்ச நம்பி மண்ணு போட்டாங்க, ஒரு மாசமா ஒண்ணும் தெரியலன்னு திட்டுனாங்க. போயிப் பாத்தா, ஆண்டிச்சாமி கடை உரத்த வாரம் ஒரு பிடி அள்ளி அள்ளி வச்சிருக்காங்க. "பந்தியில வயிறு முட்டப் போட்டா, வீட்டுச் சோத்த எவன் தேடுவான்? செடி இப்ப பூசணத்துக்கு இனிப்பு எறக்காது, பட்டினி போட்டுரும்"னாரு. ஆண்டிச்சாமிக்கு அன்னைக்கு ரெண்டாவது கோவம். ஏங்க, ஒங்க உரத்த வயலுக்குப் போடச் சொல்லி வீடு வீடா வந்து சொன்னதும் அதே மனுசன்தானே? தொட்டிக்குக் கொட்டாதீங்கன்னு சொன்னது குத்தமா?

ஆபீசர் ஐயா, நீங்க படிச்சவரு, தலையாட்டுறீங்க. ஒங்களுக்காவது புரிஞ்சா சரி.

இப்ப அவரு மேலயே எனக்கு ஒரு கோவம் இருக்கு. சொல்லாம எறங்க மாட்டேன். கண்ணு மஞ்சளாப் போச்சு. மூத்திரம் மஞ்சளாப் போச்சு. அவரு சம்சாரம் சூசையம்மா கால்ல விழுந்து கெஞ்சினா, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு. "சோளம் இன்னும் ஒரு வாரத்துல முத்திரும், அறுத்துட்டுப் போறேன்"னாரு. நான் போயித் திட்டுனேன். "யோவ், அறிவு இருக்கா ஒனக்கு, செடி காத்திருக்கும், ஈரலு காத்திருக்குமா?"ன்னேன். ஒரு மரியாத இல்லாமத் திட்டுனேன். சிரிச்சாரு. ஒரு வாரம் கழிச்சு மாட்டு வண்டியில படுக்க வச்சுக் கொண்டுபோனோம். திரும்பி வரல. நாப்பத்தோரு வயசு! ஊரு பூராவும் வேருக்கு வைத்தியம் பாத்தவரு, தனக்குப் பாத்துக்கலையே! இதுக்கு எந்தச் சாமிய நான் கேக்குறது, ஒங்க ஏசுவையா, எங்க சிவனையா? ரெண்டு பேரையும் கேக்குறேன்.

சொல்லு முத்துராமா. அஞ்சு நிமிசம் குடுத்தா அரை மணி நேரம் பேசுறேனா? சரி, ஒங்கிட்டயே கேக்குறேன். இந்த மைக்கு முன்னாலயே சொல்லு. அந்தத் தொட்டிய விட்டுட்டு, நாலடி தள்ளி ஒன் சிமிட்டி மேடையப் போட்டா என்ன?

"விரிசல் விட்டுக் கெடக்கு அத்தை. பாம்பு அடையுது."

பாம்பு ஒன் வீட்டு வெறகுலயும் அடையுது. வீட்டையா ஒடைச்ச?

"பிளானு போட்டு ஆபீசுல கையெழுத்தாயிருச்சு. இனிமே மாத்த முடியாதுங்க."

கேட்டுக்கங்க எல்லாரும். பிளான மாத்த முடியாதாம். மண்ண மாத்தலாமாம்! அந்த மண்ணு ஆறு வருசத்துல வந்துச்சு, அந்தத் தாளு ஆறு நாள்ல வந்துச்சு. எது பெருசு? நான் நேத்து ஒன் வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன். முந்தாநேத்தும் கேட்டேன். "கூட்டத்துல பேசிக்கலாம் அத்தை"ன்னு அனுப்புன. இப்பக் கூட்டத்துல கேக்குறேன், தாளக் காட்டுற. நீ கெட்டவன் இல்ல. அவரு செத்த அன்னைக்குக் குழி வெட்ட மொத ஆளா நின்னவன் நீதான். ஆனா ஒனக்கு ஒரு நெனைவுன்னா சுண்ணாம்பு அடிச்சிருக்கணும், பேரு எழுதியிருக்கணும், ஒரு களை இருக்கக் கூடாது. நானும் அப்பிடித்தான், சுத்தம் சுத்தம்னு வெந்நி ஊத்துனேன். ஒனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் அண்டாவுல ஊத்துனேன், நீ வாளியில ஊத்தப் போற.

அதனால நான் இனிமே ஒங்கிட்டக் கேக்கல.

கமிட்டியார் அத்தன பேரும் இந்த மேடையில ஒக்காந்திருக்கீங்க. கடப்பாறை எடுக்க வந்த மூணு பேரும் அந்தா வேப்ப மரத்தடியில கையக் கட்டிக்கிட்டு நான் பேசுறதக் கேக்குறாங்க. ஒரு பெரிய மனுசி பேசும்போது பாதியில எந்திரிச்சுப் போற பழக்கம் நம்ம ஊர்ல கெடையாது, அதுக்கு நன்றி. நான் இங்க பேச வந்தப்ப அந்தத் தொட்டி நெறய மண்ணு இருந்துச்சு. இப்ப இருக்காது. எங்க மருமக அழகி, மாதர் சங்கத்துப் பொம்பளைங்க பதினாறு பேரோட, நான் வணக்கம் சொன்ன நிமிசத்துலேருந்து கூடை கூடையா அள்ளிக்கிட்டிருக்கா. அவங்க அள்ளி முடிக்கிற வரைக்கும் நான் பேசணும். அதான் பேசுனேன். பேசுறதுல என்னய யாரும் கொற சொன்னதில்ல!

ஆபீசர் ஐயா, மன்னிச்சுக்கங்க. கெவருமென்டு சொத்த யாரும் தொடல. தொட்டி அப்பிடியே இருக்கு. முத்துராமா, இப்ப போயி ஒடைச்சுக்க. மேடை கட்டு. பேரு எழுது. நானே வந்து சூடம் கொளுத்துறேன். எதுத்தாப்புல அழகி நிக்கிறா, கை காட்டுறா. முடிஞ்சிருச்சாம். அப்ப நானும் முடிச்சுக்கிறேன்.

திரு. செபமாலை அவர்களே! மண்ணறிந்த மகனே! இந்தச் சபை சாட்சியா, பதினேழு பொம்பளைங்களும் நானும் ஒங்க படத்துக்கு முன்னால வாக்குக் குடுக்குறோம். வர்ற ஆடியில பதினேழு வீட்டுலயும் சோளம் வெதைப்போம். அந்த மண்ணுக்குக் கடையில விக்கிற உப்பு உரம் வைக்க மாட்டோம், மயில்துத்தம் ஊத்த மாட்டோம். கதிரு முத்துனா தண்ணிய நிறுத்துவோம். எந்த ஊருக்காரங்க, எந்தச் சாமியக் கும்பிடுறவங்க வந்து கேட்டாலும், ஒரு பிடி குடுப்போம். ஒரு வீட்டுல செத்தா இன்னொரு வீட்டுல வாங்கிக்குவோம். எந்த வீட்டுலயாவது தொட்டிச் செடி பட்டுப்போச்சுன்னா, வீட்டுப் பொண்ணப் பாக்க மாட்டோம். மொதல்ல மண்ணப் பாப்போம்.

சூசையம்மா, எந்திரி ஆத்தா. அழுதது போதும். ஒன் பங்கத் தனியா எடுத்துச் சின்னக் கூடையில கட்டி வச்சிருக்கு, ஈரச் சாக்குப் போட்டு. நாளைக்குக் கட்டுமாவடிக்குப் போறப்ப பஸ்ஸு மேல ஏத்திராத, வெயிலு பட்டாக் கெட்டுப்போகும். மடியிலயே வச்சுக்க. அறந்தாங்கியில பஸ்ஸு மாறும்போது கீழ வைக்காத. கூடையில என்னம்மான்னு கண்டக்டரு கேட்டா, எங்க வீட்டுக்காரரு சம்பாதிச்சதுன்னு சொல்லு.